முன்பின் தெரியாதவர்கள்

“ஒருத்தர்கூட வரலையா?” கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிக் கேட்டார் துறைத்தலைவர்.

“வந்துட்டே இருக்காங்க சார்” என்றாள் தத்துவம், வாய் கூசாமல். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஃபேன் காற்றுதான் உட்கார்ந்திருந்தது.

தத்துவம் என்பது அவள் பெயரல்ல. பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதற்காக வீட்டில் வைத்த பட்டம். ஊர் ஜனங்களை உள்ளே அழைத்து, எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துப் பேச விட வேண்டும் என்று ‘ஊரோடு உரையாடல்’ நிகழ்ச்சியை ஆரம்பித்தவள் அவள்தான். ஊர்தான் பிடிகொடுக்கவில்லை. ‘காலம் என்றால் என்ன?’ என்ற முதல் கூட்டத்துக்கு வந்த ஒரே ஆள், கதவைப் பூட்ட வந்த காவலாளி. இரண்டாவது கூட்டத்தன்று அவரும் லீவு போட்டுவிட்டார்.

துணைவேந்தர் கறாராகச் சொல்லியிருந்தார். “இன்னிக்கு நானே வர்றேன். மாணவர்களைப் பிடிச்சு உட்கார வைக்காதீங்க, ஆசிரியர்களும் வேண்டாம். முன்பின் தெரியாத ஜனங்க வரணும், பேசணும். இல்லேன்னா இன்னியோட மூட்டை கட்டிடுங்க. உடைஞ்ச பெஞ்சு போட்டு வைக்க ஓர் அறை தேவைப்படுது.”

உடைந்த பெஞ்சு! தத்துவத்துக்கு அழுகையே வந்தது. பரீட்சைக்காக இல்லாமல், மனதில் பட்டதால் ஒருவர் கேள்வி கேட்பதை ஒரே ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவள் வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டாள்.

“சித்தி, வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“எல்லாரும் இருக்கோம். ஏண்டி, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அத்தனை பேரும் உடனே கிளம்பி இங்க வாங்க. வந்து என்னைத் தெரியாத மாதிரி உட்காரணும்.”

“அதுக்கென்ன, பேஷா உட்கார்றோம். நீதான் மூணு மாசமா எங்களைத் தெரியாத மாதிரி இருக்கியே.”

“சித்தி, குத்திக்காட்டாதே. ‘முன்பின் தெரியாதவங்களுக்கு நாம என்ன செய்யணும்?’ இதுதான் இன்னிக்குத் தலைப்பு. ‘அது கடமையா, கருணையா?’ அப்படி ஏதாவது கேள்வி கேட்கணும். எல்லார்கிட்டயும் சொல்லிடு!”

சித்தி சொன்ன வாக்குத் தவறாதவள். வேன் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்துத் தத்துவம் தலையில் கைவைத்துக்கொண்டாள். சித்தி பளிச்சென்ற மஞ்சள் பட்டுப்புடவை. சித்தப்பா கோட்டு. பெரிய அத்தை, சின்ன அத்தை, அவர்களின் பிள்ளைகுட்டிகள் என்று எல்லோரும் பெண் பார்க்கக் கிளம்பிய கோலம். போதாக்குறைக்கு அத்தனை பேருக்கும் குடும்ப மூக்கு. நுனியில் லேசாக வளைந்த அந்த மூக்கை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

“சேர்ந்து உட்காராதீங்க, தள்ளித் தள்ளி உட்காருங்க!” என்று கிசுகிசுத்துப் பிரித்துவிட்டாள். வட்டத்தில் பிரித்தால் என்ன ஆகும்? முன்பு ஒரு மூலையில் இருந்த மூக்கு இப்போது நாலா பக்கமும் தெரிந்தது.

துணைவேந்தர் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே துறைத்தலைவர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி. மனுஷருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று தத்துவத்துக்குப் புரியவில்லை.

சித்தப்பா தன் வேஷத்தில் உயிரைக் கொடுத்தார். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவியை எட்டிப் பார்த்து, “அம்மா, உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?” என்றார்.

“எனக்கு அப்படித் தோணல” என்றாள் சித்தி விறைப்பாக. அடுத்த நிமிஷமே பையைத் துழாவி, “பிரஷர் மாத்திரையை மேஜைமேலயே வெச்சுட்டு வந்துட்டீங்க. இந்தாங்க, முழுங்குங்க” என்று நீட்டினாள்.

துணைவேந்தரின் புருவம் ஏறியது.

“பாருங்க சார்” என்று தத்துவம் பாய்ந்தாள். “முன்பின் தெரியாதவருக்கு என்ன அக்கறையா மாத்திரை குடுக்கறாங்க!”

“மேஜைன்னு சொன்ன மாதிரி இருந்ததே?”

“பொதுவா எல்லாரும் மேஜையிலதானே சார் வெப்பாங்க!”

அதைச் சமாளித்து மூச்சு விடுவதற்குள் கேள்வி நேரம் வந்தது. சித்தப்பா எழுந்தார். “அது கடமையா, கருணையா?” உட்கார்ந்தார். பெரிய அத்தை எழுந்தாள். “அது கடமையா, கருணையா?” மூன்றாவதாகச் சின்ன அத்தையின் மகன் எழுந்து வாயைத் திறந்ததும் தத்துவம் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லார்கிட்டயும் சொல்லு என்றால் சித்தி எல்லோரிடமும் அதையேவா சொல்லி வைப்பாள்?

“மூணு பேருக்கும் ஒரே கேள்வியா?” என்றார் துணைவேந்தர்.

“ஊரையே அரிக்கிற கேள்வி சார் அது!”

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் வந்தார்கள். நிஜ ஆட்கள்! முன்னால் ஒரு வழுக்கைத்தலைக்காரர், பின்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்க்காமல், ஆளுக்கொரு திசையில் போய் அமைதியாக உட்கார்ந்தார்கள். தத்துவத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொதுஜனம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! நம் வீட்டிலும் இருக்கிறதே ஒரு கூட்டம், மாத்திரையும் கையுமாக.

சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. இனி நம்மவர்கள் மாட்டிக்கொண்டால் ஊர் முன்னாலேயே மானம் போகும். ‘அந்தக் கேள்வி வேண்டாம், சொந்தமா ஏதாவது பேசு’ என்று சித்திக்கு ஜாடை காட்டினாள். அவள் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். சித்தி கையில் மைக் போனால் அதைத் திரும்ப வாங்க ஆள் பிறந்து வரவேண்டும்.

“கடமையாவது கருணையாவது!” என்று ஆரம்பித்தாள் சித்தி. “போன மழைக்கு எங்க தெரு முனையில ஒருத்தன் கார் நின்னு போச்சு. முழங்கால் தண்ணியில நின்னு தள்ளினேன். புதுச் செருப்பு போச்சு. வண்டி கிளம்புச்சு. ஒரு நன்றி சொல்லணுமே! திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டான் அந்தப் புண்ணியவான்!”

“அதுக்குத்தான் சொல்றேன்” என்று வழுக்கைத்தலைக்காரர் இன்னொரு மைக்கோடு எழுந்தார். “தெரியாதவங்களுக்கு நாம ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லை.”

துறைத்தலைவருக்கு ஏனோ பயங்கரமாக இருமல் வந்தது.

“நன்றி சொல்லலேங்கறதுக்காகத் தள்ளாம இருக்க முடியுமா?” சித்தி சீறினாள். “என்ன மனுஷன்யா நீங்க! உங்க வண்டி நின்னா அப்பத் தெரியும்!”

“நின்னுதே!” என்று அவரும் கத்தினார்.

பிறகு ஏனோ அவர் குரல் இறங்கிவிட்டது. சொல்ல வந்ததை மறந்தவர்போல் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் நின்னுதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. உள்ள என் சம்சாரம், பிரசவ வலி. யாரோ ஓடி வந்து தள்ளினாங்க. நிறுத்தி நன்றி சொல்லலாம்னா வண்டி மறுபடி அணைஞ்சுடும். அப்படியே போயிட்டேன். என் மகளுக்கு இப்போ கல்யாண வயசு. தள்ளினது ஆணா பொண்ணான்னுகூட நான் பார்க்கல.”

அவரோடு வந்த கூட்டத்தில் ஓர் அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தி மைக்கைத் தானாகவே கீழே வைத்தாள். அப்படி அவள் வைத்துத் தத்துவம் பார்த்ததே இல்லை.

“அந்த நன்றியை என்கிட்ட சொல்லிடுங்க” என்றாள் சித்தி. “எனக்கும் ஒண்ணு வரவேண்டியிருக்கு.”

வழுக்கைத்தலைக்காரரும் மைக்கைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் கூப்பினார். “ரொம்ப நன்றிம்மா.”

“பரவாயில்லப்பா. குழந்தை நல்லா இருக்கா?”

துணைவேந்தர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் அறையே அதிர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுப் பேசவில்லை. சின்ன அத்தை ஒரு கதை சொன்னாள், எதிரே இருந்த இளைஞன் அதை மறுத்தான், சித்தப்பா இரண்டு பேரையும் மறுத்தார். ‘அப்படின்னா, பழகிட்டா கடமை கூடுமா குறையுமா?’ என்று ஒரு பெண் கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்வி! தத்துவத்துக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

“மாசாமாசம் நடத்துங்க” என்றார் துணைவேந்தர் எழுந்து நின்று. “இந்த அறை இனிமே உங்களுது. உடைஞ்ச பெஞ்சை என் ரூம்ல வேணும்னாலும் போட்டுக்கறேன்.”

தத்துவம் ஜெயித்துவிட்டாள். தேநீர் மேஜைப் பக்கம் சித்தி அந்தக் கூட்டத்துப் பெண்களிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைப் பார்க்கப் பார்க்கத் தத்துவத்துக்கு ஆனந்தமும் வந்தது, உறுத்தலும் வந்தது. பாதிக் கூட்டம் தன் சொந்தம் என்று துறைத்தலைவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம், நல்ல மனுஷர், மன்னித்துவிடுவார் என்று அவரை நோக்கி நடந்தாள்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

அவள் முடிப்பதற்குள் வழுக்கைத்தலைக்காரர் தேநீரோடு வந்து துறைத்தலைவரின் தோளில் உரிமையோடு கைபோட்டார்.

“மச்சான், நம்ம வீட்டு ஆளுங்க அத்தனை பேரையும் அடுத்த மாசமும் கூட்டிட்டு வந்துடறேன், கவலையை விடுங்க. ஆனா அந்த மஞ்சள் புடவை அம்மா கூட்டத்தை மட்டும் எப்படியாவது பிடிச்சு வெச்சுக்குங்க, இன்னிக்கு நிஜமாவே வந்த முன்பின் தெரியாதவங்க அவங்க மட்டும்தான்!”