ஜப்பானின் ஐந்து மணிக் குளிசை

மகன் இஷாமோடு உயிருள்ளவரை பேசுவதில்லை என்று மர்சூக் முடிவெடுத்து ஒன்றரை வருடமாகிறது. முடிவென்றால் சாதாரண முடிவல்ல. பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கேட்க அறிவித்த முடிவு.

ஓட்டமாவடியில் மர்சூக்கின் வாயைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருட நெல் தரகர். ஈர நெல்லையும் காய்ந்த நெல்லென்று ஆலைக்காரரை நம்பவைத்த வாய் அது. அப்படிப்பட்ட வாய் சொந்த மகனிடம் மட்டும் பூட்டிக்கொண்டது.

இஷாம் டோஹாவில் ஒரு ஹோட்டல் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். அங்கேயே குடும்பத்தோடு இருந்த புத்தளத்துப் பெண் ஒருத்தியை அவசர அவசரமாக நிக்காஹ் செய்துவிட்டு, மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்குச் சொன்னான். பெண்ணின் வாப்பா சுகமில்லாமல் ஊர் திரும்ப இருந்தாராம், அதற்குள் முடிக்க வேண்டியிருந்ததாம். மர்சூக் ஊரில் பாதிப் பேரின் நிக்காஹுக்குச் சாட்சியாக உட்கார்ந்தவர். தன் மகனுடையதற்கு மட்டும் அவர் இல்லாமல் போய்விட்டார். கேட்டிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். கேட்காமல் விட்டதுதான் அவருக்கு ஆறவில்லை.

கோபத்தில் மகனுடைய சட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார், சைக்கிளைக் கொடுத்தார். மிஞ்சியது பூனை. அந்தச் சைக்கிள் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய அட்டைப் பெட்டிக்குள் குட்டியாகப் படுத்திருந்ததால் இஷாம் அதற்கு ஜப்பான் என்று பெயர் வைத்திருந்தான்.

“இதையும் எங்கயாவது கொண்டுபோய் விடு” என்றார் மனைவி ஹஸீனாவிடம்.

“வீடு ஆர்ட?” என்று கேட்டாள் ஹஸீனா.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரேயொரு சூட்கேஸோடு வந்து ஏறியவர் அவர்.

“பூன இரிக்கும். நீங்க இரிக்கிறதா இல்லையா எண்டு யோசிச்சு முடிவெடுங்க.”

யோசித்தார். இருப்பதென்று முடிவானது.

இந்த வருடம் ஜப்பான் படுத்துவிட்டது. தின்றதைக் கக்கியது, கழிந்தது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இருவருமாகக் கூடையில் வைத்துப் பாலத்தைக் கடந்து வாழைச்சேனையில் மிருக வைத்தியர் வினாயகமூர்த்தியிடம் கொண்டுபோனார்கள்.

“குடல் அழற்சி, நானா” என்றார் வைத்தியர். “மருந்து ஒண்டுதான், குடுக்கிற விதம்தான் நாலு. விழுங்கிற குளிசை எண்டா நல்லது, பாத்துப் பாத்துக் கூட்டிக் குறைக்கலாம். ஆனா சரியான கசப்பு. தண்ணி மருந்து கொழும்பில செய்விச்சு எடுக்கணும். காதுக்குள்ள பூசுற களிம்பு ஒண்டிருக்கு, அது உடம்புல எவ்வளவு ஏறும் எண்டு நிச்சயமில்ல. ஊசி எண்டா மூணு கிழமைக்கு ஒண்டு. ஆனா ஏத்தினது ஏத்தினதுதான், பிறகு திருப்பி எடுக்க ஏலாது. எது வசதி?”

“குளிசை” என்றார் மர்சூக். “ஆலைக்காரனுக்கே நான் சொன்னத விழுங்கவெச்சவன். பூன என்ன பெரிய ஆளா?”

பூனை பெரிய ஆள்தான். முதல் தடவை மீனுக்குள் வைத்துக் கொடுத்தார். மீனைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துடைத்து வைத்ததுபோல் அவர் காலடியில் விட்டுப் போனது. அடுத்து இடித்துத் தயிரில் கலந்தார். ஒரு நக்குதான். சாகப்போகிற பூனைபோல் வாயெல்லாம் நுரை தள்ளியது.

“ஹஸீனா! மௌத்தாகப் போகுது! ஓடி வா!”

“கசப்புக்கு நுரைக்குது. நீங்க கத்துறதுலதான் அது மௌத்தாகும்.”

கடைசியில் பழைய சாரத் துணியால் சுற்றி, மடியில் அமுக்கி, வாயைப் பிளந்து போட்டார். குளிசை அலுமாரிக்கு அடியில் போனது. மர்சூக் மருந்தகத்துக்குப் போனார், கைக்குக் கட்டுப்போட.

“இஷாம்ட குரல் கேட்டாத்தான் அது வாய் திறக்கும்” என்றாள் ஹஸீனா அன்று மாலை.

“அந்தப் பேர் இந்த வீட்டுல...”

“நீங்க கதைக்க வேணாம். பூனதானே கதைக்கப்போகுது. புடிச்சிக்கிட்டு மட்டும் இரிங்க, எனக்கு மணிக்கட்டு நோகுது.”

மறுநாள் மர்சூக் மாலைத் தொழுகையான அஸர் முடித்து வந்த பிறகு, ஐந்து மணிக்கு ஹஸீனா போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். டோஹாவில் அப்போது இரண்டரை, சாப்பாட்டு நேரம். திரையில் இஷாம் வந்தான். மர்சூக் கூரையைப் பார்த்தார்.

“ஜப்பான்! வாடா ராசா! ஆ காட்டு!”

பூனையின் காது நிமிர்ந்தது. சூரை மீனில் உருட்டிய குளிசையை ஹஸீனா நீட்ட, லபக்கென்று விழுங்கியது. மர்சூக்கால் நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக் குளிசை. தகப்பனும் மகனும் பேசவில்லை. பூனையோடுதான் பேசினார்கள்.

“ஜப்பான், அங்க வெயில் எப்பிடி எண்டு கேளு” என்பார் மர்சூக்.

“ஜப்பான், நெருப்பா எரியுது எண்டு சொல்லு.”

“மெலிஞ்சிட்டான். சாப்பிடுறல்லயா எண்டு கேளு.”

“சாப்பிடுறன் எண்டு சொல்லு, ஜப்பான். வாப்பா பிரஷர் குளிசை போடுறாரா?”

“அது அவன்ட வேலை இல்ல எண்டு சொல்லு.”

ஒருநாள் இஷாம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு பூனையைப் பார்த்தபடி சொன்னான். “ஜப்பான், நிக்காஹ் அண்டைக்கு மௌலவி ‘மர்சூக்கின் மகன் இஷாம்’ எண்டு வாசிச்சாரு. எனக்குத் திருப்பிச் சொல்லக் குரல் வரல்ல. எல்லாரும் பார்த்திட்டிருந்தாங்க.”

மர்சூக்கின் கை பூனையின் முதுகில் அப்படியே நின்றது. சொல்ல ஆயிரம் இருந்தது.

“தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லு, ஜப்பான்” என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் முகம் கழுவினார்.

இரண்டு மாதம் போனது. பூனை மட்டும் தேறவில்லை. ஹஸீனா ஏறாவூருக்குத் தங்கச்சி வீடு போயிருந்த ஒரு காலையில் மர்சூக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனார். “குளிசையைக் கூட்டித் தாங்க டொக்டர்.”

“எந்தக் குளிசை?” என்றார் வினாயகமூர்த்தி. “மிஸிஸ் மறுநாளே வந்து ஊசிக்கு மாத்திட்டாவே. மூணு கிழமைக்கு ஒருக்கா அவதான் கொண்டு வாறவ.”

மர்சூக் பூனையைத் தூக்கி மேசையில் வைத்தார்.

வைத்தியர் பூனையைத் தடவிப் பார்த்தார். “ஊசியும் இப்ப பிடிக்குதில்ல நானா. குடல் முழுக்கப் பழுதாகிட்டுது. பத்து நாள், கூடினா ரெண்டு கிழமை. அவவுக்குப் போன தரமே சொன்னன்.”

வீட்டுக்கு வந்து குளிசைப் போத்தலைத் திறந்தார். ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தார். கசக்கவில்லை. அரிசி மா. உருட்டித் தட்டி வெயிலில் காயவைத்த பச்சையரிசி மா. ஈர நெல்லைக் காய்ந்ததென்று விற்ற மனிதருக்கு, காய்ந்த மாவை மருந்தென்று விற்றிருக்கிறாள்.

வரட்டும், கிழித்துவிடலாம் என்று வாசலிலேயே காத்திருந்தார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க ஹஸீனா வந்து இறங்கினாள்.

“ஏன் நிக்கிறீங்க? நேரமாச்சு, பூனயப் புடிங்க.”

ஏமாற்றினாய் என்று சொல்லலாம். சொன்னால் நாளையிலிருந்து குளிசை இல்லை, குளிசை இல்லையென்றால் போன் இல்லை. மர்சூக் போய்ப் பூனையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று மா உருண்டையைத் தன் கையாலேயே கொடுத்தார்.

பதினோராம் நாள் விடியலில் ஜப்பான் ஹஸீனாவின் பழைய சேலை மேல் மூச்சடங்கிக் கிடந்தது. மர்சூக் தானே மண்வெட்டி எடுத்து ஆற்றோரம் குழி தோண்டினார். யாரும் உதவ வேண்டாமென்றார். மண்ணைத் தள்ளும்போது அழுகை வந்துவிட்டது. பூனைக்காக மட்டும் அழவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இனி எதைச் சாக்குச் சொல்லி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது?

அஸர் தொழுது வந்து வழமையான இடத்தில் உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தது. ஹஸீனா எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அவள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

“அஞ்சேகாலாகிப் போச்சு” என்றார்.

“ஓம்.”

“கோல் எடுக்கல்லயா?”

“என்னத்துக்கு? குளிசை குடுக்க ஆளில்லயே.”

ஹஸீனா அடுத்த கீரைக் காம்பை ஒடித்தாள்.

“எங்க அடக்கின எண்டு அவனுக்குச் சொல்லணும்.”

“நான் சொல்லுறன்.”

“நீ சரியாச் சொல்லமாட்டாய்.”

“சொல்லுவன்.”

“அவன் சாப்பிட்டானோ தெரியா.”

“சாப்பிட்டிருப்பான்.”

மர்சூக் காலியான மடியைத் தடவினார். “எனக்கு அவனோட கதைக்கணும், புள்ள. பூன இல்லாம, நேராக் கதைக்கணும். அண்டைக்கு அவன்ட பக்கத்துல நான் இரிந்திரிக்கணும், அது ஒண்டுதான் எனக்குக் குறை. கோவமெல்லாம் எப்பயோ போயிட்டு. எப்பிடி எறங்கி வாற எண்டுதான் தெரியல்ல. அவன் கட்டின புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு. எனக்கு அவனப் பாக்கணும்.”

ஹஸீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்தி அவர் பக்கம் தள்ளினாள்.

“நான் என்னத்துக்குச் சொல்லணும்? அவன் லைன்ல வந்து கால் மணித்தியாலமாகுது.”