வால் முளைக்காத மீன்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கே எனக்கு என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் என்னை முடித்துக் கட்டியது.

வாராவாரம் சகலை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். அக்காவும் தங்கையும் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். நான் சகலையிடம் மாட்டிக்கொள்வேன். நல்ல மனுஷன்தான். ஆனால் சிறுநீரகத்தில் கல் எடுத்த கதையை ஆரம்பித்தால், கல் வெளியே வருவதற்குள் நம் உயிர் போய்விடும். வாரத்துக்கு வாரம் அந்தக் கல் வேறு வளர்ந்துகொண்டே வந்தது.

வேறு வழியில்லாமல் நான் கலைஞன் ஆனேன். டைல்ஸ் கடையில் தூக்கிப்போடும் உடைசலை அள்ளி வந்தேன். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, குளியலறைச் சுவரில் ஒரு மீன் ஒட்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் கிளம்பலையா?"

"எப்படிம்மா கிளம்புறது? பசையைக் குழைச்சுட்டேனே. காயறதுக்குள்ள ஒட்டியாகணும்."

"அதை ஏன் ஞாயித்துக்கிழமை பார்த்துக் குழைக்கிறீங்க?"

"மத்த நாள் ஆபீஸ் இருக்கே."

அவள் மட்டும் போனாள். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பாருங்கள், எனக்குக் கைவேலை வந்துவிட்டது. தலை வந்தது, செதில் வந்தது, வாலும் வந்தது. மீன் முடிந்தால் என் ஞாயிறும் முடிந்தது. அதனால் வாராவாரம் அவள் திரும்பி வருவதற்குள், பசை இறுகும் முன்பே, வாலை மட்டும் கத்தியால் நெம்பிச் சாக்குக்குள் போட்டுவிடுவேன். மனசு கேட்காது. அவ்வளவு அழகான வால்.

"போன வாரமே வால்கிட்ட வந்துட்டேன்னீங்க?"

"கலர் அமையல."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அப்பவும் அமையல. கலைன்னா அப்படித்தான்."

"சரி சரி, பொறுமையாவே பண்ணுங்க."

நம்பினேனே! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மீனுக்கு வால் முளைத்திருக்கிறது. இடுக்கெல்லாம் வெள்ளை சிமெண்ட் பூசி, ஈரத்துணியால் துடைத்து, பளிச்சென்று. அந்த வாலின் வளைவு எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

"யாரு பண்ணது?"

"நான்தான். சாக்குல வாலு முழுசா இருந்துச்சு, ஒவ்வொரு துண்டுலயும் பசையோட. கலர் நல்லாத்தானே அமைஞ்சிருக்கு?"

அகப்பட்டுக்கொண்டதை விட, ஒழுங்காக முடித்திருந்தால் அந்த மீன் முழுசாக என்னுடையதாக இருந்திருக்குமே என்பதுதான் அதிகம் வலித்தது.

"சரிம்மா. நாளைக்கு உங்க அக்கா வீட்டுக்கு வர்றேன்."

"பின்னே? போய்த்தான் ஆகணும். மீனைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மாமா அசந்துட்டாரு. அவங்க மாடிப்படிச் சுவர் முழுக்க நீங்கதான் ஒட்டித் தரணுமாம். எத்தனை மாசம் ஆனாலும் பரவாயில்லையாம். உங்களுக்குப் போரடிக்கக் கூடாதுன்னு, பக்கத்துலயே நாற்காலி போட்டுப் பேசிக்கிட்டே இருப்பாராம்."

"நீயும் கூட இருப்பேல்ல?"

"நான் எதுக்கு? அக்கா இங்க வந்துடுறா. எங்களுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணாமா?"