ஒரு வீட்டுக்கு ஒரு ஓய்வு

நெல்லையப்பன் ஒரு முடிவு எடுத்தால் அது மயூர் விகாரில் அவர் குடியிருந்த கட்டடத்தின் எல்லா மாடிக்கும் கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

"இந்த விதியை ஒழிக்காம நான் ஓய மாட்டேன்!"

"நீங்க ஓய்ஞ்சுதான் ரெண்டு வருசம் ஆச்சே" என்றாள் சியாமளா, அடுக்களையிலிருந்து. குக்கரும் அதை ஆமோதித்து ஒரு விசில் கொடுத்தது.

ஓய்ந்தது உண்மைதான். டில்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் அவர். வேலையைவிட ஓய்வை ஒழுங்காகப் பார்த்தார். காலையில் கட்டிலுக்குக் காபி வரும். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலிக்கு இட்லி வரும். இரண்டையும் கொண்டுவரும் சியாமளாவோ மந்திர் மார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். இட்லி அவித்து, சட்னி அரைத்து, மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவாள். "பாத்துப் போ" என்று நெல்லையப்பன் கட்டிலிலிருந்தே அக்கறையோடு சொல்லுவார். மனைவிமேல் அவ்வளவு பிரியம்.

அந்தப் பிரியத்தால்தான் இப்போது விதியை ஒழிக்கக் கிளம்பியிருந்தார்.

அவருடைய நிறுவனம் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி அட்டை கொடுத்திருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் இலவசம். ஆனால் மனைவிக்குத் தனியாக ஒரு பென்ஷன் வர ஆரம்பித்தால் அட்டையில் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சலுகை போதும் என்பது நிர்வாகத்தின் கட்சி. சியாமளா அந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறாள். பள்ளியில் அவளுக்குப் பென்ஷன் உண்டு, வைத்தியம் கிடையாது. முழங்காலில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"சங்கத்துல எத்தனை பேரு வீட்டுல இதே கதை தெரியுமா? விட மாட்டேன்!" என்றார் நெல்லையப்பன். ஓய்வு பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். செயலாளர் வெங்கி, பக்கத்து பிளாக்கில் இருப்பவர், ஏற்கெனவே நிர்வாகத்திடம் பேச நாள் கேட்டிருந்தார்.

மாதம் முடிந்தது. பள்ளியில் சியாமளாவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை நெல்லையப்பன் கண் விழித்தார். காபி இல்லை. திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் சியாமளா போர்வைக்குள் இருந்தாள்.

"சியாமளா, மணி ஏழு."

"ஆமா, புதுக் கடிகாரம் சரியாத்தான் ஓடுது."

"காபி?"

"எனக்கு அரை டம்ளர் போதும். சீனி கம்மியா."

நெல்லையப்பன் எழுந்து உட்கார்ந்தார். "நானா போடணும்? நான் ரிடையர்டு!"

"நானுந்தான்."

"அதெப்படி?"

"ஓய்வூதியம்னு சொல்லித்தானே அனுப்பிருக்காங்க? அதுல ஊதியம் வந்துரும். ஓய்வு எப்ப வரும்னு படுத்துப் பாக்கேன்."

வேலையில் இருந்தபோது தொழிற்சங்கத்தில் பேசியதையும் சேர்த்து இருபது ஆண்டு சங்க அனுபவம் சும்மா போகுமா? நெல்லையப்பன் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரு. ரெண்டு பேரும் ஓய்ஞ்சா வீடே ஓய்ஞ்சு போகும். ஒரு வீட்டுக்கு ஒரு ஓய்வுதான் தாங்கும். நான் சீனியர்."

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் தனியா பென்ஷன் வருதுல்லா!"

சொல்லி முடித்த பிறகு, இதே வாக்கியத்தை வேறு யாரோ சொல்லித் தமக்கு ரத்தக் கொதிப்பு வந்தது போல அவருக்கு ஒரு ஞாபகம். யார் என்றுதான் பிடிபடவில்லை.

சியாமளா பதில் பேசவில்லை. எழுந்து போய்க் காபி போட்டு, கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நெல்லையப்பன் உறிஞ்சிக் குடித்தார். சியாமளா பேசினால் சண்டை, பேசாவிட்டால் திட்டம் என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்குப் புரிந்திருக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்தை நம்ம வீட்டுலயே வைங்களேன்" என்றாள் அவள். "எல்லாரும் குடும்பத்தோட வரட்டும். உங்க பேச்சை நான் கேட்டதே இல்ல."

நெல்லையப்பனுக்குப் புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவில் பெரியவர்கள், பாயில் மற்றவர்கள், பால்கனியில் மிச்சப் பேர். பக்கத்து வீட்டு சுஷ்மா, அவள் கணவரும் சங்க உறுப்பினர், தமிழ் புரியாவிட்டாலும் முன்வரிசையில் சியாமளாவுக்கு அருகே உட்கார்ந்திருந்தாள். சியாமளா அவள் காதில் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நெல்லையப்பன் முழங்கினார்.

"உழைச்சது ரெண்டு பேரு! ஓய்வுக்கால உரிமை மட்டும் ஒருத்தருக்கா? தனி பென்ஷன் வாங்குதது ஒரு குத்தமா? அது அவங்க உழைப்புக்குக் கிடைச்சது! அதைக் காட்டி இந்தப் பக்கம் வெட்டுதது அநியாயமா இல்லையா?"

"அநியாயம்!" என்றது கூடம்.

"வீட்டுக்கு ஒண்ணுன்னு சொல்லுதவன் மனுசனா?"

"இல்லை!" என்றது கூடம். சியாமளாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் வெங்கி மெதுவாகக் குனிந்து, "சார், டீ ஏதாவது..." என்றார். எல்லாத் தலைகளும் வழக்கம்போல சியாமளா பக்கம் திரும்பின.

சியாமளா எழுந்து கைகூப்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் மேடையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணுன்னு பேசுத ஆளு இல்ல. இந்த விதியை எங்க வீட்டுல முதல்லயே ஒழிச்சிட்டாங்க. ரெண்டு பேரும் ரிடையர்டு, ரெண்டு பேருக்கும் ஓய்வு. அடுக்களை வேலை பாதிப் பாதி. இன்னைக்கு அவங்க முறை. டீ அவங்க கையாலதான்."

அப்புறம் பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் தட்டிய தட்டலில் மேல்வீட்டு நாய் குரைத்தது. "வாஹ், அப்பன்ஜி, வாஹ்!" என்று சுஷ்மா எழுந்தே நின்றுவிட்டாள். தன் கணவரை ஒரு பார்வையும் பார்த்தாள். அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகக் கவனித்தார்.

நெல்லையப்பன் வெங்கியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் தலைவர் பதவி போகும். இப்போதுதான், 'மனுசனா' என்று அவரே கேட்டு, 'இல்லை' என்று ஊரே பதில் சொல்லியிருந்தது. அடுக்களைக்கு நடந்தார். டீத்தூள் என்று எடுத்த டப்பாவில் கடுகு இருந்தது.

"ஜல்தி, சார்!" என்று வெங்கி வெளியிலிருந்து உற்சாகப்படுத்தினார்.

அடுத்த வாரம் நிர்வாகத்திடம் பேச்சுவார்த்தை. நெல்லையப்பன் அன்று பேசியதைப் போல அவர் வாழ்நாளில் பேசியதில்லை என்று வெங்கி இன்றும் சொல்லுவார். "வீட்டு வேலையையும் வெளி வேலையையும் சேர்த்துப் பார்க்கிற பெண்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியதாம். நடுங்காமல் என்ன செய்யும்? பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வெந்து போயிருந்தது. சில மாதங்களில் விதி திருத்தப்பட்டது. அட்டையில் சியாமளாவின் பெயர் நிலைத்தது. முழங்கால் ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது.

அதில் நெல்லையப்பனுக்கு மெய்யான சந்தோஷம். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணும் கலங்கினார். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் பாதி வேலை முழு வேலை ஆயிற்று. கட்டிலில் படுத்தபடியே சியாமளா, "இப்ப புளியைக் கரைச்சு ஊத்துங்க", "தீயைக் குறைங்க" என்று கட்டளை போட்டாள். பள்ளிக்கூடக் குரல். அடுக்களையின் கடைசி மூலைவரை கேட்டது.

பிறகு அவள் நன்றாக நடக்க ஆரம்பித்தாள். சுஷ்மாவோடு தினம் சாயங்காலம் பார்க்குக்கு நடந்தாள். அடுக்களைக்கு நடப்பதாகத்தான் இல்லை.

நெல்லையப்பன் மறுபடி ஒரு முடிவு எடுத்தார். பழைய நிறுவனத்தில் அனுபவஸ்தர்களை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் திரும்ப எடுக்கிறார்கள் என்று வெங்கி சொன்னார். சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து நான் ஆபீஸ் போறேன்" என்றார் ஜம்பமாக. "இனிமே நான் ரிடையர்டு இல்ல. நீதான் ரிடையர்டு. வீட்டுல இருக்கது நீ மட்டும்."

"ரொம்ப சந்தோசம்" என்றாள் சியாமளா. சண்டையே போடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. அடுக்களையில் சத்தம் இல்லை.

"சியாமளா, எனக்கு நேரமாச்சு!"

"ஆமா, ஜல்தியா கிளம்புங்க. எனக்கு இட்லியை ஹாட்பேக்குல வச்சிருங்க. மத்தியானத்துக்கு ஒரு கூட்டு போதும்."

"நான் ஆபீஸ் போற ஆளு!"

"அதான் சொல்லுதேன். இந்த வீட்டுல ஆபீஸ் போற ஆளுதானே சமைச்சு வச்சிட்டுப் போகணும்? ரிடையர்டு ஆளு கட்டில்லதானே இருக்கணும்? ரெண்டு வருசம் அப்படித்தானே நடந்துச்சு? விதி நான் போட்டதா?" போர்வையை இழுத்துக்கொண்டாள். "பாத்துப் போங்க."

ஒப்பந்தத்தை நடுவில் விட முடியாது. நெல்லையப்பன் சமைத்தார், ஓடினார், மறுநாளும் சமைத்தார், ஓடினார்.

ஆபீசில் அவருக்கு மேலதிகாரி வசுமதி, திருச்சிப் பெண். ஒரு நாள் மத்தியானம் அவர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி கூட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அசந்து போனாள்.

"அச்சா! என்ன ருசி சார்! டில்லி வந்து இப்படி ஒரு கூட்டு நான் சாப்பிட்டதே இல்லை. உங்க வீட்டம்மாகிட்ட எப்படிப் பண்றதுன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

சரி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். நெல்லையப்பனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் நெஞ்சு பொறுக்கவில்லை.

"அவளுக்கு என்ன தெரியும் மேடம்?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்ல, காய்கறி வண்டிக்கார பையா எடுத்துத் தர்ற பீர்க்கங்காயை அப்படியே வாங்கக் கூடாது. நகத்தால கீறிப் பாக்கணும்."