மண்டபம் முழுக்க ஓம்

சின்னப் பிள்ளைகளைப் புது நாட்டுக்குக் கொண்டுபோனால் மூன்றே மாதத்தில் அந்த நாட்டுப் பாஷையைக் கதைத்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்த மூன்று மாதமும் பிள்ளை என்ன செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் தியானம் கற்பித்தேன்.

வாப்பா மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியா போனபோது உம்மாவையும் என்னையும் தம்பியையும் கல்முனையிலிருந்து கூட்டிப்போனார். எனக்கு எட்டு வயது. 'யெஸ்', 'நோ', 'தேங்க் யூ' மூன்றையும் விமானத்திலேயே பாடமாக்கியிருந்தேன். வகுப்புக்குள் காலை வைத்ததும் மூன்றும் பறந்துவிட்டன. டீச்சர் என்ன கேட்டாலும் பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி "ஓம்" என்றேன். தண்ணீர் வேண்டுமா? ஓம். வயிறு வலிக்கிறதா? ஓம். (வலிக்கவில்லை. ஆனாலும் கேட்டவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?)

டீச்சர் மென்மையான பெண்மணி. யோகா செய்யாமல் காலைத் தேநீர்கூடக் குடிக்காதவர். இலங்கையிலிருந்து வந்த சிறுமி கண்ணை மூடுகிறாள், ஓம் என்கிறாள், வேறொன்றும் பேசுவதில்லை. அவருக்கு மெய்சிலிர்த்ததில் பிழையே இல்லை. ஒரு நாள் என் முன்னால் முழங்காலிட்டு நீளமாக ஏதோ கேட்டார். ஓம் என்றேன்.

கலாசார தினத்தில் எல்லாருக்கும் தியானம் நடத்துவாயா என்று அவர் கேட்டிருக்கிறார். மேடையில் என்னைக் குஷனில் இருத்தி, ஒலிவாங்கியை வாயருகே வைத்தபோதுதான் எனக்கு அது இலேசாக விளங்கத் தொடங்கியது. கீழே பாடசாலையே சம்மணமிட்டு இருந்தது. பின்னால் பெற்றோர் வரிசை. மகள் பாட்டுப் பாடப்போகிறாள் என்ற நம்பிக்கையில் வாப்பா கோட்டும் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"ரெடியா?" என்றார் டீச்சர்.

கண்ணை மூடினேன். "ஓம்."

"ஓம்ம்ம்ம்" என்றது மண்டபம்.

திடுக்கிட்டு விழித்தேன். அத்தனை பேரும் கண்மூடியிருந்தார்கள். டீச்சர் குனிந்து, இன்னொரு தரமா என்று மெல்லக் கேட்டார். எனக்கு வந்த ஒரே பதிலைச் சொன்னேன். மண்டபம் மறுபடி அதிர்ந்தது. 'நோ'வைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"வாப்பா!" என்று கத்தினேன்.

"வாப்பாஆஆ" என்றது மண்டபம், பக்தியோடு.

பின்வரிசையில் வாப்பா துள்ளி எழுந்தார். பிள்ளை கூப்பிட்டால் கல்முனையில் எந்த வாப்பாவும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"ஓம் மகள்! இந்தா வாறன்!"

"ஓம் மகள்" வரைக்கும் மண்டபம் சரியாகத் திருப்பிச் சொன்னது. மிச்சத்தில்தான் கொஞ்சம் குழம்பியது.

மேடையேறி என்னைத் தூக்கிக்கொண்ட வாப்பாவைப் பார்த்து டீச்சர் கைகூப்பினார். எங்கள் பேச்சில் 'ஓம்' என்பதற்கு 'யெஸ்' என்றுதான் அர்த்தம் என்று வாப்பா விளக்கினார்.

"உலகத்தையே ஏற்றுக்கொள்கிற சொல்! எவ்வளவு அழகு!" என்று டீச்சர் கண்கலங்கினார்.

வாப்பா 'தேங்க் யூ' சொல்லிவிட்டு என்னோடு மேடையிறங்கினார்.

வீட்டில் உம்மா அந்த வீடியோவைச் சிரிக்காமல் இரண்டு தரம் பார்த்தார்.

"குர்ஆன் ஓதப் போட்ட புள்ள மேடையில ஏறிச் செய்யிற வேலையா இது? ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க? இனி இந்த ஊட்டுல ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லப்படாது. விளங்கிச்சா?"

"ஓம்" என்றோம், வாப்பாவும் தம்பியும் நானும்.

வீடியோ எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. (வாப்பா தன் தம்பிக்கு, எங்கள் சாச்சாவுக்கு, மட்டும்தான் அனுப்பினாராம்.) இப்போது நான் கல்முனையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆனால் வீட்டில் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது அதற்காக இல்லை. போன நோன்பில், வாப்பாவும் சாச்சாவும் எல்லை மதில் விஷயமாக முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி குசினிக்குள் வந்து, சமைத்துக்கொண்டிருந்த என்னை இழுத்துப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் இருத்தினான்.

"ரெண்டு பேரும் கண்ண மூடுங்க. டீச்சர் வந்துட்டா."

முதலில் கண்ணை மூடியவர் சாச்சாதான்.