வீக்னஸ் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மன்னார்குடிக்காரர்களின் தலையெழுத்தை பிரம்மா எழுதினாரோ என்னவோ, குணத்தை எழுதியவர் ஃபாரம் பாய்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரே சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். யார் வேலை ஃபாரம் கொண்டுவந்தாலும் அவரே நிரப்புவார். பேனாவை மட்டும் யாரிடமும் தரமாட்டார்.

“உங்க வீக்னஸ் என்னன்னு கேக்குறான்” என்றார் ஒரு விவசாயியிடம்.

“வெயில்ல நின்னா லேசா கிறுகிறுன்னு வருதுங்க.”

அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி, ‘இப்போது டானிக் குடிக்கிறார்’ என்றும் சேர்த்தார்.

என் ஃபாரத்தில், ‘உங்களைப் பற்றி’ என்ற கட்டம் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

“தன்னப் பத்தித் தானே பேசுறவன நம்மூர்ல என்ன சொல்லுவாங்க?”

“தற்பெருமைக்காரன்னுவாங்க.”

“அப்ப வேணாம். ஒங்க அப்பாவப் பத்தி எழுதுவோம்.”

‘தகப்பனார் வம்புதும்புக்குப் போகாதவர். அக்காவை சீர்காழியில் கொடுத்திருக்கிறது. பையன் அடக்கமானவன், வாய் திறக்கமாட்டான்.’ பெண் வீட்டார் படித்திருந்தால் உடனே தேதி குறித்திருப்பார்கள். இரண்டு கம்பெனிகள் திருப்பி அனுப்பின.

மூன்றாவதாக ஒரு சிங்கப்பூர் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அப்பாவின் குத்தகை நிலத்தையும் உரியவர் திருப்பிக் கேட்டுவிட்டார். இதுவும் போனால் வீட்டில் உலை கொதிக்காது.

பாய் பயிற்சி கொடுத்தார். “நெஞ்ச நிமித்தி, ‘நான் கெட்டிக்காரன், தைரியசாலி’ன்னு சொல்லு.”

“கூச்சமா இருக்குங்க பாய்.”

“கேக்குற எனக்கே கூசுது. சொல்லித் தொலை.”

திருச்சியில் ஒரு ஹோட்டலில் நேர்காணல். கோட்டுப் போட்ட தமிழம்மா ஒருவர், “உங்களப் பத்தி சொல்லுங்க” என்றார். ‘நான் கெட்டி...’ என்று ஆரம்பித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு ஃபாரத்தைப் புரட்டினார்.

“நன்னடத்தைக்குச் சாட்சி, முஸ்லிம் பேரா இருக்கு. உறவு முறைன்ற எடத்துல மாமான்னு இருக்கே?”

பாய் என்றே கூப்பிட்டுவந்த எனக்கும் அது புதுச் செய்தி. அதோடு மடை திறந்துகொண்டது. டானிக் கதை, பேனா கதை, எனக்காக அவர் கூசிக்கொண்டே கொடுத்த பயிற்சி என்று கால் மணி நேரம் பேசினேன். அந்தம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“வாய் தெறக்கமாட்டீங்கன்னு எழுதியிருக்கே? வந்து வேலைல சேருங்க.”

நேராகக் கடைக்கு ஓடினேன். பாய் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வேலை கெடச்சுதா? தைரியசாலின்னு சொன்னியா?”

“கெடச்சிருச்சு. ஆனா உங்களப் பத்தித்தான் சொன்னேன்.”

“உன்னப் பத்தித்தானே தம்பி கேட்டாங்க?”

“ஆமாங்க மாமா. அதத்தான் சொன்னேன்.”