மாமனார் காரில் ஆம்ப்ளிஃபயர் எரிந்த கதை

நான் செய்த தப்புக்கு என் மச்சினன் கார்த்தி மூன்று நாள் திட்டு வாங்கினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன் (திட்டுகிறவர் பக்கத்தில்).

கல்யாணமான புதிது. தென்காசியில் மாமனார் கார் வாங்கியிருந்தார். "பாட்டுச் சத்தம் பத்தலையே மாப்ளே" என்று அவர் சொன்னதுதான் தாமதம், ஆம்ப்ளிஃபயரை நானே மாட்டுவதாக ஏற்றுக்கொண்டேன். (தகுதி: நாலு வீடியோ பார்த்திருந்தேன்.) பின் சீட்டுக்கு அடியில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். பாட்டு வந்தது. மாமனார் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க மாப்பிள்ளை கைவேல" என்றார்.

மறுநாள் ஃப்யூஸ் போனது. மாற்றினேன், போனது. மறுபடி மாற்றினேன், அதுவும் போனது. ஃப்யூஸ் மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, யாருக்கும் சொல்லாமல் அந்த இடத்தில் ஒரு செம்புக்கம்பியைச் சுற்றிவிட்டேன். அதன் பிறகு போகவேயில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் பாட்டு கொரகொரத்து நின்றது. பின் சீட்டிலிருந்து மாமியார் நிதானமாகச் சொன்னார்: "ஏங்க, எனக்குக் கீழ பொக வருது."

எல்லோரும் குதித்து இறங்கினோம். கார்த்தியின் ஈரத்துண்டு என் கண்ணில் பட்டது. "ஈரத்துண்டுத் தண்ணி ஆம்ப்ளிஃபயர்ல எறங்கிட்டு மாமா" என்றேன்.

"அத்தான், துண்டு முன் சீட்டுலல்லா கெடந்துச்சு" என்றான் அவன்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? மாப்பிள்ளை பாடுபட்டு மாட்டுனத..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் காரை ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் முதலில் என் செம்புக்கம்பியை வெளியே எடுத்தார்.

"ஸ்க்ரூ ஸ்பீக்கர் வயர்ல ஏறியிருக்கு. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஷார்ட் ஆகியிருக்கு. ஃப்யூஸ் போயி காப்பாத்திருக்கு. அந்த எடத்துல கம்பிய வச்சா ஆம்ப்ளிஃபயர் எரியாம என்ன செய்யும்? யாரு பாத்த வேல இது?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

பிறகு அவர் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். "அண்ணாச்சி, நீங்க மட்டும் இங்கன வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் படுத்தேன். என் ஸ்க்ரூ ஒன்று தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. ஒட்டினாற்போல் ஒரு குழாய்.

"இது என்ன பைப்பு?"

"பெட்ரோலு."

நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. "இன்னும் ஒரு சுத்து முடுக்கியிருந்தா..." என்றார்.

முடுக்கத்தான் இருந்தேன். மாமியார் "இலை போட்டாச்சு" என்று கூப்பிட்டதால் எழுந்து போனவன் நான். அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அவரும் என் மனைவியும் அருவிக்குப் போனார்கள்.

வெளியே வந்து மாமனாரிடம் கம்பி, ஸ்க்ரூ, துண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்த்தியும் கேட்டுக்கொண்டிருந்தான். மாமனார் குனிந்து காருக்கு அடியில் அந்த ஸ்க்ரூவைப் பார்த்தார். பிறகு கார்த்தியிடம், "அத்தானுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாலே. ஒனக்கும் ஒண்ணு வாங்கிக்க" என்றார்.

இப்போதும் அந்த வீட்டில் தோசை கருகினால்கூட கார்த்தி கேட்கிற முதல் கேள்வி: "அத்தான் எங்கன இருக்காவ?"