பிரளயம் அண்ணாச்சியின் பன்னிரண்டாம் அத்தியாயம்

தாமிரபரணிக் கரையில் உலகத்தை அதிகத் தடவை அழித்தவர் யார் என்று கேட்டால், எங்கள் தெருவுக்குக் குடிநீர் வால்வு திறக்கும் பிரளயம் அண்ணாச்சி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

காலையில் வால்வைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனில் நாவல் எழுதுவார். எல்லாம் வரப்போகிற கெட்ட காலத்தின் கதை. ரோட்டில் குழி என்று ஜனங்கள் கூடினால் அரசாங்கம் படம் பார்க்க ஆளுக்கொரு புதுத் திரை கொடுக்கும். பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தால் அதைவிடப் பெரிய திரை. ஆறு நாறும், குனிந்து பார்க்க ஆள் இருக்காது. ஒரே ஒருவன் மட்டும் கத்திக்கொண்டே இருப்பான். அவன் எப்போதும் வால்வு திறப்பவன்தான்.

அத்தியாயம் அத்தியாயமாகத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நாங்கள் கைதட்டும் பொம்மை போடுவோம். நடந்தபடியே வாசித்த எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சாக்கடைக்குள் காலை விட்டார். மேலே ஏறியதும் காலைக் கழுவவில்லை, முதலில் 'சூப்பர்' போட்டார். நான் ஒருபடி மேல், விமர்சனமே எழுதுவேன். அண்ணாச்சிக்கு அதில் தனி சந்தோஷம்.

பதினோராம் அத்தியாயம் வந்த மறுநாள் காலை அவரிடமிருந்து செய்தி: 'குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. வால்வை அடைத்துவிட்டேன். பிடித்த தண்ணீரை யாரும் குடிக்காதீர்கள்.'

பன்னிரண்டாம் அத்தியாயம் ஆரம்பமே அமர்க்களம் என்றார் ஒருவர். கைதட்டல்கள் குவிந்தன. நேற்றைய விறுவிறுப்பு இதில் இல்லை என்று நான் எழுதினேன். உடனே அண்ணாச்சியின் போன். வாதம் செய்யத்தான் கூப்பிடுகிறார் என்று துண்டித்தேன். மூன்று தடவை துண்டித்தேன்.

அதற்குள் அவர் வீடு வீடாக ஏறிக் குடங்களைக் கவிழ்க்க ஆரம்பித்திருந்தார். யாரோ அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டு, "ஆளு நடிக்கவும் செய்யுதாரு வே" என்று பின்னணிக் குரலும் கொடுத்திருந்தார். ரசித்துப் பார்த்தேன். அதில் தெரிந்தது பக்கத்து வீட்டு வாசல் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சமையலறையில் என் நான்கு வயது மகள் குடத்திலிருந்து மொண்ட டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டாள். செருப்புக் காலோடு உள்ளே பாய்ந்த அண்ணாச்சி அதைத் தட்டிவிட்டார். பிள்ளை வீறிட்டாள். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்புறம்தான் தரையில் பரவிய தண்ணீரைப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ மிதந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. சட்டையை விட்டேன்.

தெருவையே திட்டித் தீர்த்துக்கொண்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை.

"மத்தவன் கெடக்கான். நீருமா கதைன்னு நெனச்சீரு?"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றேன். தானும் எங்களுக்கு ஒரு திரையைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று முணுமுணுத்தபடி அவர் அடுத்த வீட்டுக்கு ஓடினார். அன்றோடு எழுத்தையும் விட்டார், குழுவையும் விட்டார்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று இப்போது தினமும் காலையில் நானே போன் செய்து கேட்கிறேன். "நல்லாத்தான் இருக்கு, குடியும்" என்பார். எனக்கும் அது தெரியும். அவர் குரலைக் கேட்காமல் ஒரு வாய் இறங்க மாட்டேன் என்கிறது.